மூன்று நாள் ஒருவரும் தொடாத பெட்டி

1. துணி

நான் இந்த வேலையில் சேர்ந்த முதல் நாள், எங்கள் ஷெஃப், அதாவது முதலாளி, ஹெர் ஃபெல்டர் என் கையில் மூன்று சாமான்களைத் தந்தார். ஒரு ஸ்க்ரூ ட்ரைவர் செட், கேபிள் சோதிக்கும் மீற்றர், ஒரு சாம்பல் நிறத் துணி. முதல் இரண்டையும் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. துணியைப் பற்றித்தான் கால் மணி நேரம் கதைத்தார்.

"போற வீட்டில முதல் பெட்டியைத் துடை. பிறகு படம் எடு. பிறகு றப்போர்ட் எழுது. ஊத்தைப் பெட்டியின்ர படம் ஒஃபீசுக்குப் போனால், ஊத்தை எங்கட எண்டுதான் நினைப்பினம்."

அவர் கதைத்தது சுவிஸில் லுசேர்ண் பக்கத்து டொச், அதாவது ஜெர்மன். இந்தக் குறிப்பு முழுவதும் அவரை யாழ்ப்பாணத் தமிழில் கதைக்க விடப் போகிறேன். மனுசன் கோபிக்க மாட்டார். றப்போர்ட் என்பது ஒவ்வொரு வீட்டு வேலைக்கும் நாங்கள் எழுதிக் கொடுக்கும் ஒரு பக்கம். என்ன பிழை, என்ன செய்தோம், ஒரு படம், வாடிக்கையாளரின் கையெழுத்து, அவ்வளவுதான்.

துடைப்பதை எனக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை. அதற்கு முதல் பதினொரு வருடம் லுசேர்ண் ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றின் குசினியில் சட்டி கழுவினவன் நான். பின்னேர வகுப்புக்குப் போய் எலெக்ட்ரோனிக் படித்து, நாற்பது வயது தாண்டித்தான் இந்தக் கடைக்கு வந்தேன். அங்கே தமிழன் என்று நான் ஒருவன்தான். முதல் கிழமையே ஒருத்தன் என் நெற்றியைக் காட்டி, "சுவருக்கு வெள்ளையடிக்கவும் போறனியோ?" என்று கேட்டுச் சிரித்தான். கெட்டவன் இல்லை, அடுத்த நாளே மறந்திருப்பான். நான் மறக்கவில்லை. அன்றிலிருந்து வீட்டில் பூசும் விபூதியைக் கடைக்கு முன்னால் இருக்கும் பஸ் தரிப்பிலேயே துடைத்துவிட்டுத்தான் உள்ளே போவேன். இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்பது போகப் போக விளங்கும்.

2. பவானி அக்காவின் வீடு

எங்கள் வேலை வீட்டு ஸ்பீக்கர் வேலை. வயர் இல்லாத ஸ்பீக்கர்கள். குசினியில் ஒன்று, வரவேற்பறையில் ஒன்று, சில வீடுகளில் குளியலறையிலும் ஒன்று. இப்போது முக்கால்வாசிப் பேர் இணையத்திலிருந்து பாட்டுக் கேட்கிறார்கள், அதில் பிழை வந்தால் எங்களைக் கூப்பிட மாட்டார்கள். எங்களைக் கூப்பிடுகிறவர்கள் சொந்தப் பாட்டு வைத்திருப்பவர்கள். சப்பாத்துப் பெட்டி அளவில் ஒரு டிஸ்க் பெட்டி இருக்கும். அதை வீட்டு றவுட்டரில் கேபிளால் கொழுவி, சேர்த்த பாட்டு முழுவதையும் அதற்குள் போட்டு வைப்பார்கள். ஸ்பீக்கர் வைஃபை வழியாகப் போய் அந்தப் பெட்டியிலிருந்து பாட்டை எடுத்து வரும்.

எம்மென்புறூக்கவில் மூன்றாம் மாடியில் இருந்தார் பவானி அக்கா. முதியோர் இல்லம் ஒன்றின் சலவைப் பகுதியில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தவர். நான் முதல்முறை போனது ஓர் ஒக்டோபர் மாதம். கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். ஆனால் குரல் வரவில்லை, காற்றுத்தான் வந்தது.

"தமிழ்த் தம்பியையே அனுப்பியிருக்கினம். வாங்கோ, வாங்கோ. பயப்பிடாதேங்கோ, எனக்குத் தடிமன் காய்ச்சல் ஒண்டும் இல்லை. தொண்டையில ஒப்பரேசன் செய்தது. அதுக்குப் பிறகு இவ்வளவுதான்."

அவர் பாடுகிறவர். திரிம்பாக் கோயிலில் வெள்ளிக்கிழமைகளில் அவர் பாடினால் ஐயரே மணியை மெதுவாக ஆட்டுவாராம். அவருடைய கணவர், பஸ் ஓட்டுகிறவர், ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவியை வைத்துக்கொண்டு வருடக்கணக்காக மனைவி பாடுவதைப் பதிந்திருக்கிறார். கோயிலில் பாடியது, பிள்ளைகளை நித்திரையாக்கப் பாடியது, கறிக்கு வெங்காயம் அரியும்போது பாதியில் விட்டது. எழுபத்துமூன்று பாட்டு. ஒப்பரேசனுக்குப் பிறகு அவை எல்லாவற்றையும் அந்தப் பெட்டிக்குள் போட்டுக் கொடுத்தார். காலையில் தேத்தண்ணி ஊற்றும்போது அக்கா தன் குரலைத் தானே கேட்பார்.

அந்தப் பாட்டுத்தான் நின்றுபோனது. ஸ்பீக்கர், "பாட்டுத் தொகுப்பைக் காணவில்லை" என்று சொன்னது.

எங்கள் தொழிலின் முதல் கேள்வியைக் கேட்டேன். "பெட்டியை ஆரும் தொட்டவையோ அக்கா?"

"ஐயோ இல்லைத் தம்பி. மூண்டு நாளா ஒருத்தரும் தொடேல்லை."

பிழையைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் ஆனது. றவுட்டர் வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஓர் இலக்கம் கொடுக்கும், வீட்டுக் கதவு இலக்கம் மாதிரி. ஸ்பீக்கர் அந்த இலக்கத்துக் கதவைத் தட்டித்தான் பாட்டு வாங்கும். எப்படியோ பெட்டியின் இலக்கம் மாறியிருந்தது. புது இலக்கத்தை ஸ்பீக்கருக்குச் சொல்லிக் கொடுத்தேன். பாட்டு வந்தது. அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

பிறகு துணியை எடுத்தேன். பெட்டியின் முன்பக்கத்தில் ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். நவராத்திரி அப்போதுதான் முடிந்திருந்தது. எங்கள் வீடுகளில் ஃபிரிட்ஜுக்கும் பொட்டு வைப்போம், காருக்கும் வைப்போம், அதனால் நான் வேறொன்றும் யோசிக்கவில்லை. யோசித்தது படத்தைப் பற்றித்தான். இந்தப் படம் ஒஃபீசுக்குப் போகும். வெள்ளையடிக்கிற பகிடி திரும்ப வரும். அழுத்தித் துடைத்தேன், படம் எடுத்தேன், "இலக்கம் மாறியது, சரிசெய்யப்பட்டது" என்று எழுதினேன்.

ஏன் மாறியது என்று நான் கேட்கவில்லை. ஓடுகிற பெட்டியைக் கேள்வி கேட்காதே என்பது சோம்பேறிகளின் வேதம். அன்று நானும் அதைத்தான் ஓதினேன்.

3. இரண்டாம் முறை

அடுத்த ஒக்டோபர், அதே வீடு, அதே பிழை.

"தொட்டவையோ அக்கா?"

"மூண்டு நாளா ஒருத்தரும் தொடேல்லைத் தம்பி. சத்தியமா."

ஒரே பிழை இரண்டாம் முறை வந்தால் ஷெஃப் புருவத்தைத் தூக்குவார். எனவே குற்றத்தை றவுட்டர் தலையில் போட்டேன். புது றவுட்டர் பூட்டினேன், இலக்கம் சரிசெய்தேன், பாட்டு வந்தது. திரும்பவும் முன்பக்கத்தில் சந்தனம், குங்குமம், இந்த முறை ஒரு செவ்வந்தி இதழும் ஒட்டியிருந்தது. துடைத்துக்கொண்டே கொஞ்சம் எரிச்சலோடு சொன்னேன்.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. இந்தப் படம் வெள்ளையளின்ர ஒஃபீசுக்குப் போகுது. முன்னுக்கு ஒண்டும் பூசாதேங்கோ. கட்டாயம் எண்டால் பின்னுக்கு வையுங்கோ, ஆருக்கும் தெரியாத இடத்தில."

அவர் என் முகத்தைப் பார்த்தார். ஒரு கணம் என்னவோ சொல்ல வந்தார்.

"ஓம் தம்பி. உங்களுக்குக் கரைச்சல் எண்டால் பின்னுக்கே வைக்கிறன்."

பவானி அக்கா சொன்ன சொல் தவறாதவர். அதுதான் பிறகு வினையாக முடிந்தது.

4. மூன்றாம் முறை

மூன்றாம் வருடம் விஜயதசமி அன்று காலை எட்டரைக்கே தொலைபேசி வந்தது. ஹெர் ஃபெல்டர் பழைய றப்போர்ட்டுகளைத் தட்டிப் பார்த்தார்.

"ஒக்டோபர், ஒக்டோபர், ஒக்டோபர். இந்தப் பெட்டிக்கு இலையுதிர் காலம் ஒத்துக்கொள்ளாதோ? மூண்டாம் முறை எண்டால் நானும் வாறன்."

கடையின் விதிப்படி, மூன்றாம் முறை போனால் மாற்றுப் பெட்டி ஒன்றையும் கொண்டுபோக வேண்டும். கடையின் வான் வண்டியில் ஏற்றினோம். எனக்குப் பயமாக இருந்தது. பெட்டிக்காக இல்லை. அந்த வீட்டுக்குள் ஷெஃப் வந்து எதையெதைப் பார்க்கப் போகிறாரோ என்ற பயம்தான்.

வாசலில் அவர் சப்பாத்தைக் கழற்றினார். காலுறையில் ஓட்டை, பெருவிரல் எட்டிப் பார்த்தது. "மன்னிக்க வேணும்" என்றார். அக்கா சிரித்துக்கொண்டே உள்ளே கூட்டிப் போனார்.

இந்த முறை நிலைமை மோசம். றவுட்டரின் பட்டியலில் பெட்டியே இல்லை. பெட்டியில் கரண்ட் விளக்கு எரிந்தது, நெட்வேர்க் விளக்கு எரியவில்லை. பெட்டி இருந்த தட்டு ஒடுக்கமானது, அதனால் பின்பக்கத்தைக் கண்ணால் பார்க்காமல் கையால் தடவியே புதுக் கேபிள் செருகினேன். பழகின கை என்ற திமிர். கேபிள் 'கிளிக்' என்று உட்காரவில்லை, பலமாகத் தள்ளினேன். ஒன்றும் நடக்கவில்லை. றவுட்டரில் வேறு துளைகளில் கொழுவிப் பார்த்தேன். அதற்கும் பலனில்லை.

"செத்துப்போச்சு" என்று ஷெஃபிடம் சொன்னேன். அவர் மாற்றுப் பெட்டிக்கான படிவத்தை மேசையில் வைத்தார். நான் அக்காவுக்கு விளங்கப்படுத்தினேன்.

"இதுக்குப் பதிலாப் புதுப் பெட்டி தருவினம் அக்கா. நீங்கள் இதில கையெழுத்து வைச்சால் சரி."

"அப்ப பழசு?"

"அது டெப்போவுக்குப் போகும். உள்ளுக்கு இருக்கிறதை அழிச்சிட்டு உடைச்சுப்போடுவினம்."

"உள்ளுக்கு இருக்கிறதையோ?"

அந்தப் பாட்டுகள் அந்தப் பெட்டியைத் தவிர வேறெங்கும் இல்லை. வேறொரு பிரதி எடுத்து வையுங்கள் என்று முதல் வருடமே நான் சொல்லியிருக்க வேண்டும். எங்கள் தொழிலில் அது அரிச்சுவடி. பெட்டியைப் பளபளப்பாகத் துடைக்க நேரம் இருந்தது, அதைச் சொல்ல நேரம் இருக்கவில்லை.

அக்கா பேனாவைக் கையில் எடுத்தார். பிறகு கீழே வைத்தார்.

"எழுபத்துமூண்டு பாட்டுத் தம்பி. இனி ஒண்டு கூட என்னாலை பாடேலாது."

அழவில்லை. போய்ப் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார், காய்ச்சல் பிள்ளையைத் தொட்டுப் பார்ப்பது போல. நான் வேறு பக்கம் பார்த்தேன். என்ன செய்வது என்று தெரியாதபோது பழகின வேலையைத்தானே கை தேடும்? றப்போர்ட்டுக்குப் படம் வேண்டும், பெட்டியின் தொடரிலக்கத் தகடு பின்பக்கத்தில் இருக்கும். பெட்டியை மேசைக்கு எடுத்து, திருப்பினேன்.

பின்பக்கம் முழுக்கச் சந்தனம். நடுவில் பெரிய குங்குமப் பொட்டு.

என் கை தன்பாட்டில் துணியை எடுத்துவிட்டது.

"நில். துடைக்காதை" என்றார் ஹெர் ஃபெல்டர். அத்தனை வருடத்தில் அந்த மனுசன் வாயிலிருந்து அந்தச் சொல்லை அன்றுதான் கேட்டேன். "அந்தச் சிவப்பு என்ன?"

"ஒண்டுமில்லை" என்றேன் டொச்சில். "ஏதோ ஊத்தை."

பவானி அக்கா இருபது வருடம் சலவைப் பகுதியில் டொச் கேட்டவர் என்பது எனக்கு அந்த நேரம் ஞாபகம் வரவில்லை. ஊத்தை என்ற சொல்லைச் சலவைக்காரிக்கு ஒருவரும் மொழிபெயர்க்கத் தேவையில்லை. அவர் எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றார். அந்தக் காற்றுக் குரலில், நல்ல திருத்தமான டொச்சில் சொன்னார்.

"அது ஊத்தை இல்லை."

எனக்கு முகம் எரிந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் எரிகிறது.

5. ஒருவரும் தொடாத மூன்று நாள்

அக்கா ஷெஃபைக் கூட்டிக்கொண்டு போய் அறை அலுமாரியைத் திறந்து காட்டினார். உள்ளே சரஸ்வதி படம், கும்பம், பேரப்பிள்ளைகளின் பள்ளிக்கூடப் புத்தகங்கள், அவற்றின் நடுவில் சப்பாத்துப் பெட்டி அளவில் ஒரு வெற்றிடம்.

"நவராத்திரியில கடைசி மூண்டு நாள் சரஸ்வதிக்கு. படிக்கிற புத்தகம், வாசிக்கிற வாத்தியம் எல்லாம் அவவின்ர காலடியில வைக்கிறது. அந்த மூண்டு நாளும் ஒருத்தரும் அதைத் தொடப்படாது. என்ர பாட்டு அந்தப் பெட்டிக்குள்ளதானே இருக்கு? அதுதான் கழட்டி வைக்கிறனான். இண்டைக்குக் காலமை எடுத்து, முதல் பாட்டுப் போட வேணும்."

மூன்று நாளாக ஒருத்தரும் தொடவில்லை. மூன்று வருடமாக அக்கா உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். சரஸ்வதி பூசையின் விரதமும் விதியும் தெரிந்த நான்தான், அது பூசைக்கு வைத்த மூன்று நாள் என்று விளங்கிக்கொள்ளவில்லை.

ஹெர் ஃபெல்டருக்கு உடனே பொறி தட்டியது. "கழட்டினால் மூண்டு நாள் கரண்டும் இல்லை, நெட்வேர்க்கும் இல்லை. பூசைக்கு எத்தினை பேர் வந்தவை?"

"பதினாறு பேர்."

"எல்லாருக்கும் வைஃபை குடுத்தனீங்களோ?"

"வாசல்லயே அதைத்தானே கேக்கினம்."

ஆள் இல்லாத வீட்டின் இலக்கத்தை றவுட்டர் வந்த விருந்தாளியின் ஃபோனுக்குக் கொடுத்துவிடும். பெட்டி சாமி அலுமாரியிலிருந்து திரும்பி வரும்போது அதற்கு வேறு இலக்கம். முதல் இரண்டு ஒக்டோபரின் கதை அதுதான். பாவம், அந்தப் பழைய றவுட்டர் ஒரு குற்றமும் செய்யாமல் வேலை இழந்தது.

"அப்ப இந்த முறை?" என்றேன்.

ஷெஃப் பெட்டியை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நெட்வேர்க் கேபிள் செருகும் துளைக்குள் பார்த்தார். உள்ளே மஞ்சளாகக் காய்ந்து போன சந்தனம். முந்தின வருடம் நான் சொன்னபடி, ஆருக்கும் தெரியாத இடத்தில், பின்னுக்கு, ஈரச் சந்தனத்தை அள்ளி வைத்திருந்தார் அக்கா. மிச்சத்தை நான் கேபிளால் உள்ளே தள்ளி இறுக்கியிருந்தேன்.

"பல்லுக்குத்தி இருக்குதோ?" என்று கேட்டார் ஷெஃப்.

இருபது நிமிடம் அவர் அந்தச் சின்னத் துளையை மரக்குச்சியால் சுரண்டினார், பிறகு ஸ்பிரிட் தொட்ட தூரிகையால் கழுவினார். தகட்டில் இருந்த பொட்டில் அவர் கை படவில்லை. காயவிட்டுக் கேபிளைச் செருகினார். கிளிக். பச்சை விளக்கு கண் சிமிட்டியது.

அந்தப் பெட்டிக்கென்று ஓர் இலக்கத்தை றவுட்டரில் நிரந்தரமாக ஒதுக்கினேன், இனி நூறு விருந்தாளி வந்தாலும் அது ஒருவருக்கும் போகாது. வான் வண்டியில் இருந்த சின்ன டிஸ்க் ஒன்றில் எழுபத்துமூன்று பாட்டையும் பிரதி எடுத்து, பதிந்தவர் என்று அக்காவின் கணவர் பெயரை அதில் எழுதி வைத்தேன். பதினொரு மணிக்கு முதல் பாட்டு வந்தது. குசினி ஸ்பீக்கரில் ஓர் இளம் பெண்ணின் குரல், தெளிந்த குரல். அக்கா கண்ணை மூடிக்கொண்டு, சத்தமில்லாமல் வாயை அசைத்துக்கொண்டிருந்தார். ஒரு சொல்லும் பிசகவில்லை.

"அக்கா, நான் ஊத்தை எண்டு சொன்னது பெரிய பிழை" என்றேன், பாட்டு முடிந்த பிறகு.

"நீங்கள் சொன்னதைக் கேட்டுப் பின்னுக்கு வைச்ச நானும் பிழைதானே. முன்னுக்கே வைச்சிருந்தால் ஒண்டும் நடந்திருக்காது. கடலை அவிச்சிருக்கிறன், ரெண்டு பேரும் சாப்பிட்டிட்டுத்தான் போக வேணும்."

அவிச்ச கடலையைச் சாப்பிட்டுக்கொண்டே ஹெர் ஃபெல்டர் ஒரு கதை சொன்னார். அவர் என்ட்லெபுஹ் பக்கத்தில் ஒரு பண்ணை வீட்டுப் பிள்ளை. அவருடைய தாய், மாசி மாதம் புனித அகத்தாவின் நாளில் மாதாகோயிலில் ஆசீர்வதித்த ரொட்டித் துண்டு ஒன்றை வருடம் முழுவதும் வீட்டில் வைத்திருப்பாவாம், வீடு தீப்பிடிக்காமல் இருக்க. வைத்திருந்த இடம் கரண்ட் பெட்டிக்கு மேலே. தொழில் பழகின முதல் வருடம் ஃபெல்டர் அந்தப் பெட்டியைத் திருத்தப் போய், காய்ந்த ரொட்டியை ஊத்தை என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிட்டாராம்.

"அம்மா ஒரு கிழமை என்னோட கதைக்கேல்லை. அப்பா சொன்னார், நீ வயரை மட்டும்தான் பார்த்தாய், வீட்டைப் பார்க்கேல்லை எண்டு." என் பக்கம் திரும்பினார். "துணியை முதல்ல எடு எண்டு உனக்குச் சொன்னது நான்தான். அதையும் இண்டைக்கு மாத்துவம்."

அன்று றப்போர்ட்டை அவரே எழுதினார். காரணம் என்ற இடத்தில், பெட்டி மூன்று நாள் பூசையில் இருந்தது என்று வெட்கமில்லாமல் முழுவதும் எழுதினார். படத்தில் பொட்டும் இருந்தது. அதற்குப் பிறகு எங்கள் கடையின் படிவத்தில் ஒரு வரி கூடியது: கடந்த கிழமை வீட்டில் என்ன நடந்தது? அந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கியபின் நாங்கள் கண்டுபிடித்த காரணங்கள் கொஞ்சநஞ்சமல்ல. பிள்ளை பிறந்ததால் இடம் மாறிய றவுட்டர், பூனைக்கு மெத்தையாகிப் போன பெட்டி, கோபித்துக்கொண்டு போன மருமகன் மாற்றிவிட்ட பாஸ்வேர்ட். இவற்றில் ஒன்றும் மீற்றரில் தெரியாது.

இப்போது வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். துணி பையில் இருக்கட்டும். முதலில் பாருங்கள், பிறகு கேளுங்கள், கடைசியில் துடையுங்கள். வெட்கத்தில் துடைத்தால் பிழையின் அடையாளமும் சேர்ந்து போய்விடும். மூன்று வருடம் என் கண்ணுக்கு முன்னால் பொட்டு வைத்துக் காட்டினார்கள், மூன்று வருடமும் நான் அதை அழிக்கத்தான் பார்த்தேன்.

6. நாலாம் ஒக்டோபர்

அடுத்த விஜயதசமி அன்று நான் பஸ் தரிப்பில் நெற்றியைத் துடைக்காமலே கடைக்குப் போனேன். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. எட்டரைக்குத் தொலைபேசி அடித்தது. ஹெர் ஃபெல்டர் எடுத்தார், கேட்டார், என்னிடம் நீட்டினார்.

"உன்ர அக்கா."

நான் அவசரமாக வாங்கினேன். "என்ன அக்கா, பாட்டு வருகுதில்லையோ?"

அந்தப் பக்கமிருந்து பாட்டுத்தான் வந்தது. குசினி ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் தொலைபேசியைப் பிடித்திருந்தார். ஷெஃப் கிட்ட வந்து காதை வைத்தார். அந்தச் சின்ன ஒஃபீசில் நாங்கள் இருவரும் ஒரு தொலைபேசியைப் பங்குபோட்டுக்கொண்டு, பாட்டு முடியும்வரை நின்றோம்.

"பாடுது தம்பி" என்றது காற்றுக் குரல். "சொல்லத்தான் எடுத்தனான்."

வாடிக்கையாளர் எடுத்த ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு றப்போர்ட் எழுத வேண்டும் என்பது கடைச் சட்டம். இதற்கு என்ன எழுதுவது என்று நான் பேனாவோடு யோசித்துக்கொண்டிருந்தேன். ஹெர் ஃபெல்டர் பேனாவை வாங்கி, அவரே எழுதிக் கையெழுத்தும் வைத்தார்.

பிழை: இல்லை. வாடிக்கையாளர் பாடினார்.